அயர்லாந்துல மொத கிறிஸ்மஸ், ஊர்லேர்ந்து அம்மா வர்றாக, என்னென்ன கொண்டாரச் சொல்லலாம்?

தங்கச்சிமடத்துப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு தங்கச்சிமடம், இப்ப அயர்லாந்துல கார்க்ங்கற ஊர்ல இருக்கோம், நான் நர்ஸு, அவுக இன்னும் வேலை தேடிக்கிட்டு இருக்காக, புள்ளைக ரெண்டு. ஊர்ல எப்படின்னு உங்களுக்கே தெரியும், 24 ராத்திரி பூசை முடிஞ்சு பாலன் யேசுவுக்கு முத்தம் குடுத்துட்டு வந்தா அப்புறம் வீட்டுக் கதவ சாத்துறதே கெடையாது, விடிஞ்சதும் பலகாரத் தட்டத் தூக்கிக்கிட்டு நம்மாளுக வீடு, முஸ்லிம் வீடு, இந்து வீடுன்னு ஒண்ணு விடாம போயிட்டு வருவோம். இங்க 25ந்தேதி ரோட்டுல ஈ காக்கா இருக்காதுன்னு வார்டுல சொல்றாக, கேக்கவே என்னமோ போல இருக்கு. பக்கத்து வீட்டு ஐரிஷ் பாட்டி நல்லா பேசுவாக, ஆனா அன்னைக்கு தட்டோட போயி பெல் அடிச்சா தப்பா நெனப்பாகளா? அம்மா வேற டிசம்பர் மொத வாரம் வர்றாக, கருவாடு, பால்கோவா, கருவேப்பிலை, தேங்கான்னு லிஸ்ட் போட்டு வச்சிருக்காக, எதுக்கு ஏர்போர்ட்ல பிரச்சனை வரும்? இன்னொன்னு, எனக்கு 25 காலைல டூட்டி, கார் கெடையாது.

பாம்பன் அக்கா:
தங்கச்சி, மொதல்ல டூட்டியப் பாரு. 25 அன்னைக்கு பஸ்ஸும் ஓடாது ட்ரெயினும் ஓடாது, டப்ளின் ஏர்போர்ட்டே மூடிருவாக. டாக்ஸி கூடுதல் ரேட்டு, அதுவும் கெடைக்கிறது குதிரைக்கொம்பு. அதே ஷிஃப்ட்ல கார் வச்சிருக்கவக யாருன்னு ரோஸ்டர் போட்ட அன்னைக்கே கேட்டு வச்சிரு.

தட்டு விஷயம், 25 வேணாம். தப்பா ஒண்ணும் நெனக்கமாட்டாக, ஆனா அவுகளுக்கு அது குடும்பத்தோட உள்ள ஒக்காந்து வான்கோழியும் ஹாம்ங்கற பன்னிக்கறியும் திங்கிற நாளு, மதியச் சாப்பாடே மூணு நாலு மணிக்குத்தான் ஆரம்பிக்கும், நீ போயி நின்னா பாதில எந்திரிச்சு வரணும். 23 இல்லாட்டி 24 பகல்ல குடுத்துரு, நாலரைக்கெல்லாம் இருட்டிரும். முந்திரி எள்ளு சேத்திருந்தா ஒரு சீட்டுல எழுதி ஒட்டு, இங்க அலர்ஜிய ரொம்பப் பாப்பாக. பாட்டி தட்ட கழுவி, ஒரு கார்டு எழுதி, சாக்லேட் டப்பாவோட கொண்டாந்து குடுக்கலன்னா என்னைய கேளு.

எங்க வீட்டுல கதவத் தொறந்து போடுற கிறிஸ்மஸ 26க்கு மாத்தியாச்சு. செயின்ட் ஸ்டீபன்ஸ் டேன்னு அன்னைக்கும் லீவுதான், வீட்டுக்கு வீடு போறது வர்றதெல்லாம் இங்கயும் அன்னைக்குத்தான், பிரியாணிய அன்னைக்கு வச்சுக்க. 24 ராத்திரி ஜன்னல்ல மெழுகுதிரி வைப்பாக, மாதாவும் சூசையப்பரும் எடம் கேட்டு அலஞ்சாகள்ல, இந்த வீட்டுல எடம் இருக்குன்னு காட்டுறதுக்கு. கடைக்குட்டிதான் ஏத்தணுமாம். நாங்க அந்த ஜன்னலுக்குக் கீழயே குடில் கட்டி மேல நம்ம ஊரு பேப்பர் ஸ்டாரத் தொங்க விட்டுருவோம், தெருவுல போறவக நின்னு பாத்துட்டுப் போவாக. நடுராத்திரி பூசைய மட்டும் நம்பாத, நெறைய கோயில்ல 24 சாயங்காலமே முடிச்சிருவாக, நேரத்தக் கேட்டுக்க. அப்புறம் ஜனவரி 6, நம்ம மூணு ராசா திருநாளு, கார்க் கெர்ரி பக்கம் அது பொம்பளைக கிறிஸ்மஸ், நொல்லிக் நா மான்னு சொல்லுவாக. ஆம்பளைக அடுப்படியப் பாக்கணும், நம்ம ஜாலியா வெளிய போலாம். வேற எத விட்டாலும் அத விட்ராத.

கீழக்கரையான்:
லக்கேஜ் பத்தி சொல்றேன். பால்கோவா, நெய், கறி சம்பந்தப்பட்ட எதுவும் வேணாம், ஐரோப்பாவுக்கு வெளியேர்ந்து கறியும் பாலும் கொண்டார விடமாட்டாங்க. கருவேப்பிலையும் வேணாம், பச்சை எலை தழைக்கு சர்ட்டிபிகேட் கேப்பாங்க, 2019 டிசம்பர்லேர்ந்து இதுல ரொம்ப கறார். தேங்காக்கு மட்டும் விலக்கு இருக்கு, தாராளமா கொண்டாரலாம். கருவாடு சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் ஓகே. அம்மா 20 கிலோ கருவாட்டோட வந்தா பக்கத்து சீட்டுக்காரர் கதி என்னங்கறது வேற விஷயம். எங்க ஊரு அல்வா மாதிரி இனிப்பு, தொதல், கெடைச்சா கண்டிப்பா வைக்கச் சொல்லுங்க, தேங்காப்பாலும் கருப்பட்டியும்தான், நெய் போடாததா பாத்து வாங்கச் சொல்லுங்க.

டூட்டிக்கும் ஒரு வழி இருக்கு. நான் டப்ளின்ல ஆஸ்பத்திரிலதான் வேலை பாக்குறேன், 25ஐ நான் எடுத்துக்கிட்டு பெருநாளுக்கு லீவு வாங்கிக்குவேன், ரெண்டு பக்கமும் சந்தோசம். உங்க வார்டுலயும் பெருநாள் கொண்டாடுற எங்காளுக யாராவது இருப்பாங்க, கேட்டுப் பாருங்க.

ரோச்மாநகர் பையன்:
அக்கா கருவாட்டுக்காக அம்மாவ ரொம்ப சொமக்க வைக்காதீக, நான் கார்க்ல மீன் கடைலதான் வேலை பாக்குறேன். டவுனுக்குள்ள இங்கிலிஷ் மார்க்கெட்னு 1788லேர்ந்து இருக்கு, அங்க போயி உப்பு லிங் கேளுங்க. லிங்குங்கறது நீட்டு மீனு, கீறி உப்பு போட்டு காயவச்சு பலகை மாதிரி வெறப்பா இருக்கும். முன்னாடி 24ந்தேதி இவுகளுக்கும் ஒருசந்தி, கறி கெடையாது, அன்னைக்கு இந்த லிங்கத்தான் அவிச்சு வெள்ளை சாஸ் ஊத்தி உருளைக்கெழங்கோட சாப்புட்ருக்காக, இப்பவும் வயசானவக வந்து வாங்கிட்டுப் போறாக. ஒரு ராத்திரி முழுக்க தண்ணில ஊறப்போட்டு ரெண்டு தடவ தண்ணி மாத்தணும், இல்லாட்டி வாய்ல வைக்க முடியாது. நான் கத்திரிக்கா போட்டு புளிக்கொழம்பு வைப்பேன், சீலாக் கருவாடு ருசி வராதுதான், ஆனா சோத்துக்கு குத்தம் சொல்ல முடியாது. கருவாட்ட வீட்டுக்குள்ள சுட மட்டும் செய்யாதீக, ஸ்மோக் அலாரம் அலறிரும், வாடகை வீடு வேற.

மண்டபம் மாமா:
எல்லாம் சரித்தா, புள்ளைகளுக்கு பேப்பர் ஸ்டாரு ஒட்டக் கத்துக்குடுங்க, கடைல வாங்கித் தொங்க விடாதீக. அம்மாகிட்ட ஒரு ஓலைப்பெட்டில சாயல்குடி கருப்பட்டி குடுத்து விடச் சொல்லு, அந்தக் குளிருக்கு சுக்குக் காபிதான் சரி.

தங்கச்சிமடத்துப் பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பால்கோவா கெடையாதுன்னு அம்மாகிட்ட சொன்னதுக்கு, அப்ப அந்த எடத்துக்கு இன்னும் நாலு தேங்கா வச்சிக்கிறேன்ங்கிறாக. கீழக்கரை அண்ணே, எங்க வார்டுல ஒருத்தக இருக்காக, நாளைக்கு டூட்டிக்கு போயி கேக்குறேன். பாம்பன் அக்கா, நீங்க கார்க்ல எந்தப் பக்கம், 26 அன்னைக்கு எங்க வீட்டுக்கு வருவீகளா?

பாம்பன் அக்கா:
டக்ளஸ் பக்கந்தான். பஸ் அன்னைக்கு அரகொறையாத்தான் ஓடும், நானே கார் எடுத்துட்டு வந்து உங்கள எல்லாம் ஏத்திக்கிறேன், நம்மாளுக எங்க வீட்டுலதான் கூடுறாக. அம்மாவ முறுக்கு மட்டும் சுட்டு வைக்கச் சொல்லு.