பட்டாவில் மனைவி பெயரும் இருந்தால் வறுமை குறையுமா?

கேள்வி: நிலச் சீர்திருத்தத்தில் இருவர் பெயரிலும் பட்டா கொடுத்தால் விளைச்சல் கூடுமா? எங்கே சறுக்குகிறது?

பதில் 1: பட்டா மட்டும் போதாது. விதை, உரம், கடன், கூலியாள் எல்லாம் ஆண்களுக்குக் கிடைப்பதுபோல் கிடைத்தால், பெண்கள் பயிரிடும் நிலத்தில் விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் கூடலாம் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2011-இல் கணித்தது.

பதில் 2: எத்தியோப்பியாவில் டிக்ரே பகுதி முதலில் குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் நிலச் சான்று கொடுத்தது. பிறகு சான்று கொடுத்த அம்ஹாரா பகுதியில் கணவன், மனைவி இருவர் பெயரும், கூடவே இருவர் புகைப்படமும். அந்தப் படம் லேசான விஷயமில்லை. எழுத்துத் தெரியாத பெண்ணும் தன் முகத்தைக் காட்டி “இது என் நிலம்” என்று சொல்லலாம். கணவர் அவளை மறைத்து நிலத்தைக் கைமாற்றுவது கடினம்.

பதில் 3: ருவாண்டாவில் நிலத்துக்குப் பட்டா கொடுத்தபோது சிக்கல் திருமணப் பதிவில் வந்தது. சட்டப்படி பதிந்த மனைவியரின் உரிமை பலப்பட்டது. பதியாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களில் பலர் விடுபட்டார்கள். ஆகவே படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டம் வையுங்கள். திருமணச் சான்று இல்லாவிட்டாலும் இரண்டாவதை நிரப்ப விதி வேண்டும். நிலம் அளக்கும் நாளுக்கு முன்பே பெண்களைத் தனியாகக் கூட்டி இதை விளக்குங்கள். அளந்து முடித்தபின் பெயர் சேர்ப்பது பெரும்பாடு.