ஒரு டன் லேத்தை 9 இன்ச் படியிலிருந்து இறக்கணும், யோசனை தேவை

பட்டறை இடம் மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். 6 அடி லேத் (கடைசல் இயந்திரம்), ஒரு டன் இருக்கும். குறுகிய சந்து, ஃபோர்க்லிப்ட், கிரேன் எதுவும் நுழையாது.

சேடில் (வெட்டும் டூலைத் தாங்கி நகரும் பகுதி), டெயில்ஸ்டாக் (எதிர்முனையில் நகரும் தாங்கி) இரண்டையும் கடைசிக்குத் தள்ளி லாக் செய்துவிடுவோம். இருந்தாலும் கியர் பெட்டி இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கம்தான் பாரம், அதுவும் மேலே. கொஞ்சம் சாய்ந்தாலே கவிழும். கவிழும் லேத்தைக் கையால் பிடிக்கப் போனவர்தான் அடியில் மாட்டுவார். அதனால் அடியில் குறுக்கே இரண்டு கட்டை, அதற்கடியில் நீளவாக்கில் இரண்டு கட்டை, எல்லாம் போல்ட் போட்டு. ஜாக்கியில் ஒரு தடவைக்கு அரை இன்ச்தான், உடனே பலகை முட்டு.

தரையில் பைப் உருளை. விரல் நசுங்குவது பெரும்பாலும் இங்கேதான்: முன்னால் பைப் போடுபவர் ஓட்டைக்குள் விரல் விட்டுப் பிடிப்பார், பின்னால் இருப்பவர் கடப்பாரையால் நெம்பிவிடுவார். குறுக்கே போடும் பைப், இரண்டு நீளக் கட்டைகளின் மொத்த அகலத்தைவிட ஓரடி நீளமாக இருக்கட்டும். கோணல் எடுக்கக் கை வேண்டாம், சுத்தியலால் தட்டினால் போதும். "தள்ளு" என்று சொல்வது ஒரே ஆள்.

குழப்பம் படியில்தான். சரிவில் பைப் போட்டால் ஓடிவிடும், கட்டையை நேரே வழுக்கவிடலாம் என்று நினைக்கிறோம். சாய்தளத்துக்கு 6 அடி சி சேனல் (சி வடிவ இரும்புச் சட்டம்) போதுமா, 9 அடி வேண்டுமா? பின்னாலிருந்து செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) போட்டு விட்டுக்கொடுக்க, செங்கல் தூணை நம்பலாமா? இல்லை கான்கிரீட் தரையில் ஆங்கர் போல்ட் அடிக்கணுமா, எத்தனை, என்ன சைஸ்?