இணையத்தில் வக்ஃபு தருவதாக உறுதியளித்த அனுபவங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். என் வாப்பா ஒரு மதரஸா கட்டடத்துக்காக இணையப் படிவத்தில் பெருந்தொகை ஒன்றைக் குறித்து, 'வக்ஃபாக வழங்க உறுதியளிக்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தியிருந்தார்கள். (வக்ஃபு என்றால், மூலத்தை நிலையாக நிறுத்தி அதன் பயனைத் தர்மம் செய்யும் அறக்கொடை.) பணம் கட்டுமுன் வஃபாத்தாகிவிட்டார்கள். அது கடன், சொத்தைப் பிரிக்குமுன் கொடுத்தாக வேண்டும் என்றார் காக்கா (அண்ணன்). தம்பி ஒப்பவில்லை. வீட்டில் பெரிய வாக்குவாதம்.

ஹனஃபி சட்டப்பள்ளியைச் சேர்ந்த ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் போனோம். எந்த இணையதளம் என்று அவர் கேட்கவே இல்லை. திரையில் இருந்த வாசகத்தைத்தான் கேட்டார். ஹனஃபி முன்னோடிகளில் ஒருவரான இமாம் அபூ யூசுஃப் கருத்துப்படி 'வக்ஃபு செய்துவிட்டேன்' என்று சொன்னாலே வக்ஃபு உறுதியாகிவிடும். இன்னொரு முன்னோடியான இமாம் முஹம்மதோ, பொருளை முதவல்லியிடம் (வக்ஃபு நிர்வாகியிடம்) ஒப்படைக்க வேண்டும் என்பார். "இங்கே இரண்டுமே இல்லை. 'வழங்குவேன்' என்பது வாக்குறுதி. அல்லாஹ்வுக்காக என்மீது கடமை என்று சொல்லாததால் நேர்ச்சையும் ஆகாது" என்றார். வஸிய்யத் (உயில்) எழுதியிருந்தால் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறைவேற்றியிருக்க வேண்டும். அதுவும் இல்லை. வாரிசுகள் மனமொப்பிக் கொடுத்தால் நன்மை, அவ்வளவே.

காக்காவுக்கு மனம் ஆறவில்லை. ஷாஃபிஈ என்ற இன்னொரு சட்டப்பள்ளியின் ஆலிம் ஒருவரையும் கேட்டார். அவர் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்தார்: எழுத்து கினாயா (நேரடியாக இல்லாத மறைமுக வெளிப்பாடு), நிய்யத் (மன எண்ணம்) சேர்ந்தால்தான் செல்லும், மறைந்தவரின் நிய்யத்தை ஒரு பொத்தானிலிருந்து எப்படி அறிவது? கடைசியில் காக்கா தம் பங்கிலிருந்து கொடுத்தார். தம்பியும் கொஞ்சம் சேர்த்தார், முணுமுணுப்போடு.

*

வ அலைக்குமுஸ்ஸலாம். எனக்கு வாசகத்தில் சிக்கல் இல்லை. பணம் உடனே போய்விட்டது. ஆனால் 'ரொக்க வக்ஃபு' என்று வாங்கிய அறக்கட்டளை அதை நிவாரணப் பொட்டலங்களுக்குச் செலவிட்டதாக அறிக்கை அனுப்பியது. நல்ல காரியம்தான், ஆனால் அது ஸதகா (சாதாரணத் தர்மம்). கைபர் என்ற ஊரில் தமக்குக் கிடைத்த நிலம் பற்றி நபித்தோழர் உமர் (ரலி) கேட்டபோது, மூலத்தை நிறுத்தி விளைச்சலைத் தர்மம் செய்யுமாறுதானே நபி (ஸல்) வழிகாட்டினார்கள்? செலவழித்தால் தீர்ந்துவிடும் என்பதால்தான் பழைய ஃபகீஹ்கள் (சட்ட அறிஞர்கள்) பலர் ரொக்க வக்ஃபை ஏற்கவில்லை. சர்வதேச ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்ட) அகாடமி 2004-இல் மஸ்கத்தில் அதை அனுமதித்தபோதும், மூலத்தொகை நிலைத்திருக்க வேண்டும் என்பதே அடிப்படை. (நவீன தொடர்புச் சாதனங்கள் வழியான ஒப்பந்தங்களை 1990-இலேயே அதே அகாடமி பொதுவாக ஏற்றுவிட்டது. ஆகவே இணையம் என்பதே பெரிய கேள்வி அல்ல.) நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டேன். அடுத்த மாதம் படிவத்தில் 'வக்ஃபு', 'பொது ஸதகா' என்று இரண்டு கட்டங்கள் வந்தன. என் பழைய தொகை எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதற்கு இன்னும் பதில் இல்லை.