ஆடுபுலி ஆட்டம் ஆப்: "உன் முறை" நோட்டிஃபிகேஷன் பாதிப் பேருக்குப் போகவில்லை, உதவி தேவை

மஞ்சக்குப்பம்_டெவ்:
வணக்கம். இரண்டு பேர் அவரவர் போனிலிருந்து ஆடும்படி ஆடுபுலி ஆட்டத்தை யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்திருக்கிறேன். 3 புலி, 15 ஆடு. ஒருவர் காய் நகர்த்தியதும் எதிராளிக்கு ஃபயர்பேஸ் (போன்களுக்குச் செய்தி அனுப்பும் கூகுள் சேவை) வழியாக "உன் முறை" என்று போக வேண்டும். கடலூரிலும் பாண்டியிலும் சொந்தக்காரர்கள் ஆடிப் பார்க்கிறார்கள்.

ஆண்ட்ராய்டு 11, 12 வைத்திருப்பவர்களுக்கு வருகிறது. புதுப் போன்களில் பாதிப் பேருக்கு வருவதே இல்லை. சர்வர் லாக்கில் எல்லாமே வெற்றி என்றுதான் இருக்கிறது. இன்னும் சிலருக்கு ராத்திரி அனுப்பியதெல்லாம் காலையில் போனைக் கையில் எடுத்ததும் மொத்தமாக வந்து விழுகிறது. வில்லியனூர் சித்தி ஒரு புலியைக் கட்டிவிட்டுக் காத்திருக்கிறார், எதிரே ஆடுபவருக்குச் சேதியே தெரியாது. ஆட்டம் அப்படியே நின்றுவிடுகிறது. எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

லாஸ்பேட்டை_கோடர்:
ஃபயர்பேஸ் தரும் வெற்றிப் பதிலை நம்பாதீர்கள். செய்தியை அது வாங்கிக்கொண்டது என்றுதான் அர்த்தம், போனில் காட்டியது என்று இல்லை.

அனுமதியை எந்த இடத்தில் கேட்கிறீர்கள்? 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக இன்ஸ்டால் செய்த ஆப்புக்கு நோட்டிஃபிகேஷன் மூடியேதான் இருக்கும். நாம் கேட்டு வாங்க வேண்டும்.

மஞ்சக்குப்பம்_டெவ்:
ஆப் திறந்ததும் முதல் திரையிலேயே கேட்கிறது அண்ணா.

லாஸ்பேட்டை_கோடர்:
உங்கள் பாதிப் பேர் அங்கேதான் போகிறார்கள் தம்பி. இன்னும் ஒரு காய்கூட நகர்த்தாதவருக்கு எதற்காகக் கேட்கிறோம் என்று தெரியாது, "வேண்டாம்" என்று தட்டிவிடுவார். இரண்டு முறை மறுத்துவிட்டால் சிஸ்டம் அந்தப் பெட்டியை மறுபடி காட்டாது.

முதல் ஆட்டத்தில் ஒரு காய் நகர்த்தி முடித்து, எதிராளிக்காகக் காத்திருக்கிறாரே, அப்போது கேளுங்கள். முதலில் உங்கள் சொந்தத் திரை: "அவர் ஆடியதும் சொல்லட்டுமா?" சரி என்றால் மட்டும் சிஸ்டம் பெட்டி. இங்கே வேண்டாம் என்றால் அந்த இரண்டு வாய்ப்பில் எதுவும் குறையாது. ஏற்கெனவே மறுத்தவர்களுக்கு, நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸை நேராகத் திறக்கிற பொத்தான் வையுங்கள்.

முதலியார்பேட்டை_சர்வர்:
காலையில் மொத்தமாக விழுவது வேறு கதை. போன் அசையாமல், திரை அணைந்து கிடந்தால் ஆண்ட்ராய்டு பேட்டரியை மிச்சம் பிடிக்கும் டோஸ் மோடுக்குப் போகும். சாதாரண பிரையாரிட்டி செய்தி அதில் தங்கிவிடும். "உன் முறை"க்கு மட்டும் ஹை பிரையாரிட்டி வையுங்கள். எல்லாவற்றுக்கும் வைத்து, அதில் பல திரையில் எதையும் காட்டாமல் போனால், ஃபயர்பேஸே அவற்றைச் சாதாரணமாக இறக்கிவிடும்.

டிடிஎல்லும் பாருங்கள், போய்ச் சேராத செய்தியை ஃபயர்பேஸ் எவ்வளவு காலம் வைத்திருக்கும் என்ற கணக்கு அது. ஒன்றும் குறிப்பிடாவிட்டால் 4 வாரம். ஒரு நகர்த்தலுக்கு எவ்வளவு நேரக் கெடுவோ அதையே கொடுங்கள், முடிந்துபோன ஆட்டத்துக்கு அழைப்பு வராது.

சில கம்பெனி போன்களில் ஆட்டோஸ்டார்ட்டை (ஆப் தானாகப் பின்னணியில் இயங்க விடும் செட்டிங்) திறந்து விட்டால்தான் வரும். அதைக் கோடால் சரிசெய்ய முடியாது, ஆப்பிலேயே படத்தோடு ஒரு உதவிப் பக்கம் வையுங்கள்.

மஞ்சக்குப்பம்_டெவ்:
நன்றி. சாயங்காலம் "இன்றைய இலவச நாணயம்" என்று எல்லோருக்கும் ஒன்று அனுப்புகிறேன். அதுவும் இதே சேனலில்தான் (பயனர் தனியாக மூடக்கூடிய நோட்டிஃபிகேஷன் பிரிவு) போகிறது. பரவாயில்லையா?

லாஸ்பேட்டை_கோடர்:
உடனே பிரியுங்கள். நாணயத் தொல்லை தாங்காமல் ஒருவர் அந்தச் சேனலை மூடினால் "உன் முறை"யும் சேர்ந்து போய்விடும். மூடிய சேனலை நம் கோடு திறக்க முடியாது, அவரேதான் திறக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் நாணய அறிவிப்பே தேவையில்லை. சித்தி காய் நகர்த்தினார் என்பது ஒரு மனுஷி செய்த காரியம், அதைச் சொன்னால் ஆள் ஆசையாக ஓடி வருவார். நாணயம் நாம் இட்டுக்கட்டுகிற சாக்கு. எனர்ஜி நிரம்பியது மாதிரி நினைவூட்டல் வேண்டுமென்றால் போனுக்குள்ளேயே லோக்கல் நோட்டிஃபிகேஷனாக வையுங்கள், சர்வரே வேண்டாம்.

மஞ்சக்குப்பம்_டெவ்:
அனுமதித் திரையை இடம் மாற்றி, சேனலைப் பிரித்து, பிரையாரிட்டியும் மாற்றிவிட்டேன். புதுப் போன்களில் இப்போது உடனே வருகிறது. முத்தியால்பேட்டையில் ஒரு போனுக்கு மட்டும் ஆட்டோஸ்டார்ட்டைத் திறந்த பிறகுதான் வந்தது. நாணய அறிவிப்பை எடுத்துவிட்டேன். இருவருக்கும் ரொம்ப நன்றி.

முதலியார்பேட்டை_சர்வர்:
நல்லது. டோக்கனையும் கவனியுங்கள், ஒவ்வொரு போனிலுள்ள ஆப்புக்கும் ஃபயர்பேஸ் தரும் முகவரி மாதிரி அது. ஆப்பை அழித்து மறுபடி போட்டால் புது டோக்கன் வரும், பழையதற்கு அனுப்பினால் "அன்ரெஜிஸ்டர்டு" என்று பதில் வரும். அந்தப் பதில் வந்ததும் டேட்டாபேஸிலிருந்து நீக்கிவிடுங்கள்.