பொருந்தெண்ணும் பொருத்தெண்ணும்

> பழைய ராணுவ ரைஃபிளின் உறுப்புகளில் பின்னாளில் பொறித்த எண்ணைப் 'போலியெண்' என்றே சொல்லிவிடலாமே. 'ஃபோர்ஸ் மேட்ச்' என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வணக்கம் ஐயா,

போலியெண் வேண்டாம். அந்தச் சொல்லில் ஏமாற்று இருக்கிறது. ஃபோர்ஸ் மேட்ச்சில் அது இல்லை. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை கைப்பற்றிய ஜெர்மானிய மௌசர் 98கே ரைஃபிள்களை எடுத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்ப்புக் கூடத்தில் அவற்றைக் கழற்றினார்கள், உறுப்புகள் கலந்துபோயின, கைக்கு வந்ததைக் கோத்து, கட்டைக்கு அரக்கு மெருகு பூசினார்கள். பிறகு உடற்கூட்டின் (ரிசீவரின்) எண்ணையே தாழிலும் மற்ற உறுப்புகளிலும் மின் எழுத்தாணியால் கீறினார்கள். எது எதனோடு சேர்ந்தது என்று தெரிவதற்கான கணக்குக் குறி அது, அவ்வளவுதான்.

(போல்ட்டைத் 'தாழ்' என்றே எழுதுகிறேன். நட்டு போல்ட்டோடு குழம்பாது. கதவுத் தாழைப் போலத் தள்ளித் திருப்பிப் பூட்டுவதுதானே அதன் வேலையும்.)

என் முன்மொழிவு இது. ஆலையிலிருந்து வரும்போதே உறுப்புகளில் ஒன்றாக இருந்த எண் 'பொருந்தெண்'. பின்னால் பொறித்து ஒன்றாக்கிய எண் 'பொருத்தெண்'. திருந்து – திருத்து, வருந்து – வருத்து வரிசைதான். தானாகப் பொருந்தியது ஒன்று, ஒருவர் பொருத்தியது மற்றொன்று. தன்வினை பிறவினை என்று பள்ளியில் படித்தது இங்கே சும்மா கிடக்கும்போது நீளமான தொடர் எதற்கு?

> ஓரெழுத்துதான் வேறுபாடு. அச்சுப்பிழை வந்தால் பொருளே புரண்டுவிடாதா?

புரளும். ஆனால் இரும்பிலும் வேறுபாடு அவ்வளவு நுணுக்கமானதுதான். மௌசர் தாழ்ப்பிடி தாழோடு சேரும் இடத்தில் இருக்கும் எண்ணை உருப்பெருக்கியில் பாருங்கள். அச்சால் அடித்த இலக்கம் ஆழமாக, ஒரே அழுத்தத்தில் பதிந்திருக்கும். எழுத்தாணிக் கீறல் மேலோட்டமானது. நேர்க்கோடுபோலத் தெரிவது கிட்டப் பார்த்தால் நடுங்கிய புள்ளிகளின் வரிசை. மோசின்-நாகன் ரைஃபிள்களில் இன்னும் தெளிவு. தோட்டாப் பெட்டியின் அடித்தகட்டில் பழைய எண்ணின் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் புதிய எண். கணக்குப் பேரேட்டில் அடித்துத் திருத்தியது போல, எதையும் ஒளிக்கவில்லை. இதையா போலி என்பது?

'போலியெண்' என்ற சொல்லை உண்மையான போலிக்கு வைத்துக்கொள்வோம். விலை ஏற்றுவதற்காகப் பழைய எண்ணை அரத்தால் அழித்து, அதே பாணி அச்சால் வேறு எண் அடிப்பார்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அராவிய இடத்தில் ஒளிக்கோடு வளைந்து அந்தக் குழியைக் காட்டிக்கொடுக்கும். புதிதாக அடித்த இலக்கத்தின் விளிம்பு நகத்தில் தட்டும்.

சீரமைப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. துருவைப் போக்குகிறேன் என்று நான் ஒருமுறை உப்புத்தாளை எடுத்து, பின்தகட்டு எண்ணில் பாதியைத் தேய்த்தே அழித்துவிட்டேன். அது இப்போது பொருந்தெண்ணும் இல்லை, பொருத்தெண்ணும் இல்லை. எண்ணெய் தடவி ஊறவைத்துத் துணியால் துடைத்திருக்கலாம், பொறுமை இருந்திருந்தால்.

இன்னொரு சொல்லும் நம் சொற்பட்டியலில் சேர வேண்டும். லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிளின் தாழ்முனையில் 0, 1, 2, 3 என்று ஓரிலக்கம் இருக்கும். அதை வரிசை எண்ணாக எண்ணி, 'பொருந்தவில்லை' என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது நீளத்தைக் குறிப்பது; எண் கூடக் கூட முனையின் நீளம் கூடும். தேய்மானத்தால் தாழுக்கும் தோட்டாவுக்கும் நடுவே இடைவெளி கூடினால் நீளமான முனையைப் போட்டுச் சரிசெய்வார்கள். இதை 'அளவெண்' எனலாம்.

எண் பொருந்திவிட்டதால் அந்த இடைவெளி சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. அதை அதற்குரிய அளவுமானி (கேஜ்) வைத்து ஆயுதப் பணியாளர்தான் சொல்ல வேண்டும். அந்த இடைவெளிக்கு, அதாவது ஹெட்ஸ்பேஸுக்கு, 'தலைவெளி' என்று யாரோ எழுதியிருந்தார்கள். எனக்கு ஒப்பவில்லை. 'தாழிடைவெளி' எப்படி இருக்கிறது?