தாங்கிக்குள் வழும்பு: குளோரின் போட்டும் மூன்று கிழமையில் திரும்ப வருது, என்ன பிழை?

கிணத்தடி (கேள்வி):
வணக்கம். யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் வீடு. கிணற்றுத் தண்ணியை மோட்டரால் ஏற்றி, கூரைக்கு மேலே உள்ள 1000 லீற்றர் கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கியில் விட்டுப் பாவிக்கிறம். தாங்கியின் உள்சுவரில் மண்ணிறமாய் வழுவழுவென்று ஒரு படை. ஷவர்த் தலையைக் கழற்றினால் உள்ளுக்குச் சளி மாதிரி. குளியலறை மூலையில் றோஸ் நிறக் கறை. குசினிக் குழாயைக் காலமை முதல் திறக்கேக்க அழுகின முட்டை மணம், கொஞ்சத்தால போயிடும். ரி.சி.எல் (குளோரின் உள்ள வெளிற்றுத் தூள்) தூளில் இரண்டு பிடி அள்ளி நேரே தாங்கிக்குள் போட்டு, ஒரு மணித்தியாலம் விட்டுத் திறந்து விட்டன். இரண்டு தரம் செய்தும் பழையபடிதான். அம்மாவுக்கு 74 வயது, நீரிழிவு, நெபுலைசரும் பிடிக்கிறவ. அதுதான் பயம்.

நீர்ச்சோதனை:
அது வெறும் அழுக்கில்லை, உயிர்ப்படலம். தண்ணியில் மிதக்கிற பற்றீரியா சுவரில் ஒட்டிச் சில மணித்தியாலத்திலேயே பசை விடத் தொடங்கும். சர்க்கரைச் சங்கிலி, புரதம், டி.என்.ஏ எல்லாம் கலந்த பசை. பிறகு அதுக்குள்ளேயே பெருகும். முற்றினால் துணுக்கு துணுக்காய்ப் பிரிந்து அடுத்த குழாயில் போய்க் குடியேறும். நீங்கள் போட்ட குளோரின் மேல்படையோடு தாக்கமடைந்தே தீர்ந்துபோச்சு, அடிப்படைக்குப் போகவேயில்லை. அடியில் தப்பினதுதான் மூன்று கிழமையில் திரும்ப வந்தது.

எங்கட பக்கத்தில் இன்னொரு சிக்கல், சுண்ணாம்புக் கல் நிலம். சுவரில் நகத்தால் சுரண்டி விரலுக்கிடையில் தேய்த்துப் பாருங்கோ. வழுக்கலுக்குள் நறநறவென்று தட்டுப்பட்டால் அதில் ஒரு சொட்டு வினாகிரி விடுங்கோ. நுரைத்தால் அது சுண்ணாம்புப் படிவு. அந்தக் குழிகளுக்குள்தான் பற்றீரியா ஒளிந்திருக்கும். அதனால் முதலில் உரஞ்சல், பிறகுதான் குளோரின்.

மோட்டரை நிப்பாட்டித் தாங்கியை வெறுமையாக்குங்கோ. நீளப் பிடித் தூரிகையால் வாயிலிருந்தே சுவரையும் அடியையும் மூடியின் உட்பக்கத்தையும் உரஞ்சிக் கழுவி, அடிமண்டியை வெளியேற்றுங்கோ. ஆள் உள்ளே இறங்க வேண்டாம். பிறகு நல்ல தண்ணி நிரப்புங்கோ.

இந்த வேலைக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேணும். 1000 லீற்றருக்கு 50 கிராம். புதுசாய் உடைத்த ரி.சி.எல்லில் ஏறக்குறைய 30 வீதம்தான் குளோரின், ஆகவே 170 கிராம் தூள். தராசில் நிறுங்கோ, பிடிக்கணக்கு வேண்டாம். ஈரம் பட்டுக் கட்டியான தூளுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. ஒரு வாளி தண்ணிக்குள் தூளைப் போட்டுத் தடியால் கலக்கி, அரை மணித்தியாலம் அடைய விட்டு, மேல் தெளிவை மட்டும் தாங்கியில் ஊற்றுங்கோ. அடியில் தங்கிறது சுண்ணாம்பு. நேரே போட்டபடியால் அதுவும் உங்கட தாங்கியில் படிஞ்சிருக்கும்.

பைப்புக்காரன்:
தாங்கியை மட்டும் சுத்தம் செய்து பலனில்லை. அந்தக் குளோரின் தண்ணியை ஒவ்வொரு குழாயிலும், ஷவரிலும், தோட்டத்துக் குழாயிலும் மணம் வரும்வரை திறந்து விட்டுப் பூட்டுங்கோ. 12 மணித்தியாலம் நிக்கட்டும். அந்த நேரம் குடிக்க, குளிக்க, சமைக்க வேறு தண்ணி. 12 மணித்தியாலத்துக்குப் பிறகு குளோரின் மணம் துப்புரவாய் இல்லையெண்டால் உள்ளே இன்னும் படலம் இருக்கு, திரும்பச் செய்ய வேணும்.

முட்டை மணத்துக்குச் சின்னச் சோதனை. முதல் தண்ணியை ஒரு கிளாசில் பிடித்துக்கொண்டு முற்றத்துக்குப் போய் மணந்து பாருங்கோ. கிளாசில் மணமில்லையெண்டால் மணம் பேசினுக்குக் கீழே வளைஞ்ச கழிவுக் குழாயில், அதைக் கழற்றிக் கழுவினால் போதும். கிளாசிலும் மணந்தால் பாவிக்காத கிளைக் குழாய் ஒன்று மூடிக் கிடக்குதோ எண்டு தேடுங்கோ. அசையாத தண்ணியில் காற்றில்லாமல் வளருகிறதுகள்தான் அந்த மணம் தரும். அந்தக் கிளையை வெட்டி அடைக்கிறதுதான் வழி.

ஷவர்த் தலையை ஓர் இரவு வினாகிரியில் ஊற விட்டு, நல்லாய்க் கழுவினாப் பிறகே குளோரினில் போடுங்கோ. வினாகிரியோ, கக்கூஸ் கழுவுற அசிற்றோ குளோரினோடு சேரவே கூடாது. வாற வாயு நுரையீரலைத் தாக்கும்.

வளவுக்காரர்:
170 கிராமை 500 ஆக்கினால் உரஞ்சாமல் விடலாமோ?

நீர்ச்சோதனை:
ஏலாது. பசை அதையும் தின்னும், மிச்சம் உங்கட றப்பர் வளையங்களை அரிக்கும். தண்ணியின் பீஎச் (அமில, காரத்தன்மை) அளவையும் பாருங்கோ. 7.5இல் குளோரினின் பாதிதான் வீரியமான வடிவத்தில் இருக்கும், 8இல் ஏறக்குறைய கால்வாசி. தூளைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டுங்கோ.

அம்மாவின் விசயம் பெரிசு. நெபுலைசர் மருந்தைக் கிணற்றுத் தண்ணியிலோ குழாய்த் தண்ணியிலோ கலக்கக் கூடாது, மருந்தகத்தில் விற்கிற கிருமி நீக்கின சேலைன் மட்டும். கிண்ணத்தைக் கழுவினாப் பிறகு கொதித்தாறின தண்ணியில் அலசி முழுதாய்க் காய விடுங்கோ. லெஜியோனெல்லா என்ற பற்றீரியா 20 தொடக்கம் 45 பாகை வெப்பத்தில், இப்படியான படலத்துக்குள்தான் பெருகும். குடிக்கிறதை விட ஷவரின் நுண்துளியை மூச்சில் இழுக்கிறதுதான் ஆபத்து. வேலை முடியும்வரை அவ வாளியில் அள்ளிக் குளிக்கட்டும். குடிக்கிற தண்ணி கொதிக்க வைத்தது. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று (உரத்தாலும் மலக்கழிவாலும் தண்ணியில் சேருறது) போகாது எண்டதையும் நினைவில் வையுங்கோ. பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டுக் கிணற்றுத் தண்ணியைப் பரிசோதனைக்குக் கொடுங்கோ. மலக்குழிக் கசிவு கிணற்றுக்கு வந்தால் தாங்கியை எத்தனை தரம் கழுவியும் முடியாது.

கிணத்தடி:
நன்றி. அந்தக் குளோரின் தண்ணியை எங்கே விடுறது? வாழைக்கோ, கக்கூஸ் குழிக்கோ?

நீர்ச்சோதனை:
இரண்டுக்கும் வேண்டாம். குழிக்குள் கழிவைத் தின்கிறதும் பற்றீரியாதான், அதைக் கொன்றால் கழிவு அப்படியே நிலத்துக்குள் இறங்கும். வேர்களைச் சுற்றியும் தண்ணி வடிக்கிற மணல் வடியின் மேற்படையிலும் இருக்கிறவை எங்களுக்கு வேலை செய்கிற படலங்கள். வாயகன்ற பாத்திரங்களில் விட்டு, மூடாமல் இரண்டு நாள் வெயிலில் வையுங்கோ, குளோரின் பறந்திடும். பிறகு கிணற்றடிக்குத் தள்ளி முற்றத்தில் ஊற்றலாம். எங்கட சுண்ணாம்புக் கல்லில் மேலே ஊற்றினது கெதியாய்க் கிணற்றுக்குப் போகும்.