பழைய சன் ஃபிலிமை உரிக்க வேண்டும், பின் கண்ணாடி டிஃபாகர் கோடு போகாமல் எடுக்க வழி உண்டா?

மலையடிவாரம்:

வணக்கம். அப்பாவுக்காக 2011 மாடல் ஹூண்டாய் ஐ20 ஆஸ்டா ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறோம். எஞ்சின், பாடி எல்லாம் நல்ல கண்டிஷன். ஆனால் நாலு கதவிலும் பின் கண்ணாடியிலும் முந்தைய ஓனர் ஒட்டிய ஃபிலிம் அப்படியே இருக்கிறது. ஒரு காலத்தில் கறுப்பாக இருந்திருக்கும், இப்போது கத்தரிப்பூ நிறம். பின் கண்ணாடியில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்பது ஆளா கம்பமா என்றே தெரிவதில்லை.

எங்களுக்கு மேட்டுப்பாளையம். அப்பா வாரத்தில் பாதி நாள் கோத்தகிரிக்குப் போய் வருவார். சாயங்காலம் பனி இறங்கிவிட்டால் பின் கண்ணாடி டிஃபாகர், அதாவது கண்ணாடியைச் சூடாக்கி ஈரத்தைப் போக்கும் மின்கோடுகள், இல்லாமல் மலையில் ஓட்ட முடியாது. பக்கத்து ஆக்சஸரீஸ் கடையில் கேட்டேன். பிளேடு போட்டுச் சுரண்டித் தருகிறோம், டிஃபாகர் கோட்டுக்கு கேரண்டி கிடையாது என்றார்கள். அதைக் கேட்ட பிறகு வண்டியை விட மனசு வரவில்லை. நானே வீட்டில் எடுக்கலாமா? ஹேர் டிரையர் இருக்கிறது. ஹீட் கன் வாங்க வேண்டுமா? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

கொங்கு டீசல்:

அமோனியா போதும் ப்ரோ. கண்ணாடியின் வெளிப்பக்கம் சோப்புத் தண்ணீர் அடித்து, கறுப்பு குப்பைப் பையை அளவாக வெட்டி ஒட்டுங்கள். உள்ளே ஃபிலிம் மேல் அமோனியா ஸ்ப்ரே செய்து அதன் மேலும் ஒரு பை. நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் முழுசாக உரிந்து வந்துவிடும். வீடியோக்களில் எல்லாம் இதுதான் காட்டுகிறார்கள்.

ஜி.பி. ரோடு பழைய கை:

தம்பி, அந்தக் கடையில் விடாமல் வந்தது நல்லது. சென்னை ஜி.பி. ரோட்டில் ஃபிலிம் ஒட்டுவதும் உரிப்பதுமாகத்தான் என் பிழைப்பு ஓடியது. 2012 மே மாதம் ஃபிலிமுக்குத் தடை வந்தபோது ஒட்டின கையாலேயே உரித்துக் கொடுத்தோம். தெரு முழுக்க வண்டி நிற்கும், எல்லோருக்கும் அன்றைக்கே வேண்டும். அந்த அவசரத்தில் பிளேடு போட்டு டிஃபாகரைக் கெடுத்துக்கொண்ட வண்டிகள் அப்புறம் மாதக்கணக்கில் எங்களிடம் வந்தன. அதனால் சொல்கிறேன், பின் கண்ணாடியில் இரும்பு பிளேடு ஒரு தடவைகூடப் படக் கூடாது.

முதலில் அமோனியா. மேலே தம்பி சொன்ன வழி வேலை செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெயிலில் நின்ற வண்டிக்குள் தலையை விட்டு அந்த ஆவியை இழுக்க வேண்டியிருக்கும். கண் எரியும், தொண்டை அடைக்கும், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆபத்து. வீடியோவில் அவர்கள் ஊற்றுவது வீட்டுக் கண்ணாடி துடைக்கும் லேசான சரக்கு. இங்கே கெமிக்கல் கடையில் அமோனியா என்று கேட்டால் கிடைப்பது அதைவிடப் பல மடங்கு காரம். அது டேஷ்போர்டில், சீட்டில் பட்டால் நிறம் போகும். தப்பித் தவறி பிளீச்சிங் கலந்த எதனோடும் சேர்ந்துவிட்டால் விஷவாயு கிளம்பும். ஐ20 மாதிரி சின்ன வண்டிக்கு அது தேவையே இல்லை. சூடு போதும்.

ஃபிலிம் என்பது மெல்லிய பாலியெஸ்டர் தாள், அதன் அடியில் பசை. மலிவான ஃபிலிமில் கறுப்பு என்பது பல சாயங்களின் கலவை. வெயிலில் ஒவ்வொரு சாயமும் ஒவ்வொரு வேகத்தில் சாகும், கடைசியில் மிஞ்சுவது அந்த ஊதா. அந்த நிறம் வந்துவிட்டதென்றால் பசையும் காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளை மட்டும் பிய்ப்பது சுலபம், யாரும் செய்வார்கள். பசை கண்ணாடியிலேயே தங்கிவிட்டால்தான் வேலை. தாளும் பசையும் ஒன்றாகக் கழன்று வர வேண்டும். அதற்குச் சூடும் பொறுமையும் தவிர வேறு மருந்து இல்லை.

தொடங்கும் முன் ஒன்று செய்யுங்கள். அதிகாலையில் கண்ணாடியில் ஈரம் பூத்திருக்கும்போது டிஃபாகரைப் போட்டுப் பாருங்கள். ஃபிலிம் இருந்தாலும் கோடு இருக்கும் இடம் முதலில் தெளியும். எந்தக் கோடு தெளியவில்லை என்று இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள். பழைய ஓனர் கெடுத்ததையும் நீங்கள் கெடுத்ததையும் அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும்.

பின் கண்ணாடிக்கு வருகிறேன். அந்தக் கோடுகள் கண்ணாடிக்கு நடுவில் இல்லை. உள்பக்கத்தில், உங்கள் ஃபிலிமுக்கு நேர் அடியில், வெள்ளிக் குழம்பால் அச்சடித்துச் சுட்டவை. நகத்தால் தடவினால் மேடு தெரியும். பசை அந்த மேட்டின் மேலும் பிடித்திருக்கிறது. ஆகவே மேலிருந்து கீழே இழுக்காதீர்கள், அப்படி இழுத்தால் ஒவ்வொரு கோட்டையும் குறுக்கே தாண்ட வேண்டும். கோடு போகும் போக்கிலேயே, இடமிருந்து வலமாக, இரண்டு விரல் அகலப் பட்டையாக உரியுங்கள். இரண்டு ஓரத்திலும் செங்குத்தாக ஒரு தடித்த பட்டை இருக்கும். அங்கேதான் ஒயர் பற்றவைத்திருக்கும். அந்த முனையை முழங்கையால் இடித்துக் கழற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கோடு அறுவதைவிட அது பெரிய தலைவலி.

ஹீட் கன் வாங்க வேண்டாம். பழகாத கையில் அது ஒரே இடத்தைக் காய்ச்சிக் கண்ணாடியை வெடிக்க வைக்கும், ரப்பர் பீடிங்கை இளக்கிவிடும். ஹேர் டிரையர் போதும். துணிக்கு ஆவி பிடிக்கும் கையடக்க ஸ்டீமர் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குங்கள், அது இன்னும் நல்லது. ஆவி தாளைக் கருக்காது, பசையை மட்டும் இளக்கும். வண்டியை முதலில் வெயிலில், கண்ணாடி எல்லாம் ஏற்றி, பின்பக்கம் சூரியனைப் பார்க்க நிறுத்துங்கள். கண்ணாடி தொட்டால் சுட வேண்டும், ஆனால் கையை வைத்திருக்க முடிய வேண்டும். அதுதான் அளவு. அப்புறம் பின்கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். சூடாக இருக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

மூலையில் நகத்தால் கிளப்புங்கள். ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் போட்ட இடத்தில் ஃபிலிம் எப்போதும் சரியாக ஒட்டியிருக்காது, அங்கே சுலபமாக நுனி கிடைக்கும். நுனி கிடைத்ததும் ஒரு கையில் டிரையர், மறு கையில் ஃபிலிம். உரியும் விளிம்பிலேயே காற்று படட்டும். இப்போது உரிந்த இடத்தைப் பாருங்கள். கண்ணாடி பளபளவென்று இருந்தால் பசையும் சேர்ந்து வருகிறது. மங்கலாக, விரல் வைத்தால் பிசுபிசுவென்று இருந்தால் தாள் மட்டும் வருகிறது. உடனே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் சூடு, இன்னும் மெதுவாக. சர்ரென்று சத்தம் கேட்டால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். சரியான வேகத்தில் இழுத்தால் விளிம்பில் பசை நூல் நூலாக நீண்டு, சத்தமே இல்லாமல் விடும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் திட்டுத் திட்டாகப் பசை தங்கும். பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, டிஷ்யூ பேப்பரை அதில் நனைத்துப் பசை மேல் அப்பி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு பழைய ஏடிஎம் கார்டால், கோட்டின் போக்கிலேயே தள்ளுங்கள். அதற்கும் அசையாத பசைக்கு உங்கள் ஊரிலேயே மருந்து இருக்கிறது. நீலகிரித் தைலம். துணியில் சில துளி விட்டுப் பசை மேல் ஊற வைத்துத் துடைத்தால் குழைந்து வரும். எண்ணெய்ப் படலத்தைக் கடைசியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். தின்னர், பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும், மூடிய இடத்தில் ஒரு பொறி போதும்.

பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பார்சல் ட்ரேயைக் கழற்றி வெளியே வையுங்கள், கீழே பழைய பெட்ஷீட் விரியுங்கள். ஒழுகும் தண்ணீர் ஸ்பீக்கருக்கும் ஒயருக்கும் போகக் கூடாது.

கதவுக் கண்ணாடிகள் சுலபம். கண்ணாடியை ஒரு விரல் இறக்கினால் மேல் விளிம்பு வெளியே தெரியும், அங்கே கிளப்பிக் கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள். பீடிங்குக்குள் போகும் பகுதி அறுந்துவிடும், அதை மறந்துவிடாமல் பீடிங்கை லேசாக அழுத்திக்கொண்டு எடுங்கள். இங்கே கோடு எதுவும் இல்லாததால் பசைக்குப் புது பிளேடு போடலாம். கண்ணாடி நன்றாக நனைந்திருக்க வேண்டும், பிளேடைப் படுக்க வைத்து ஒரே திசையில் தள்ள வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் இடையில் மாட்டிய மண் துகள் கீறிவிடும், அந்தக் கீறல் ராத்திரி எதிர் வண்டி லைட்டில் உயிரை வாங்கும்.

ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். கதவுகளில் கை பழகட்டும், பின் கண்ணாடியைக் கடைசியாக எடுங்கள்.

மதுரை வக்கீல்:

ஐயா சொன்னதற்கு மேல் தொழில் விஷயத்தில் நான் சொல்ல எதுவும் இல்லை. உரித்த பிறகு புதுசாக ஒட்டலாமா என்ற கேள்வி எப்படியும் வரும் என்பதால் சட்ட நிலையை மட்டும் சொல்கிறேன்.

1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதிதான் இதற்கு அடிப்படை. முன், பின் கண்ணாடி குறைந்தது 70 சதவீதமும், பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் ஒளியை உள்ளே விட வேண்டும். அவிஷேக் கோயங்கா என்பவர் தொடுத்த பொதுநல வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், எத்தனை சதவீதமாக இருந்தாலும் தனியாக ஃபிலிம் ஒட்டவே கூடாது என்று சொன்னது. அந்த ஆண்டு மே 4 முதல் அமல். ஐயா சொல்லும் கூட்டம் அப்போது வந்ததுதான். பிறகு விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் கொண்ட 'சேஃப்டி கிளேசிங்' என்பதும் அனுமதிக்கப்பட்டது. அதை வைத்து, அளவுக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு அபராதம் போட முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. நம் ஊர் சாலையில் நிறுத்தும் காவலரிடம் அந்தத் தீர்ப்பைக் காட்டி வாதாடலாம், ஆனால் அது தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது.

என் ஆலோசனை, உரித்துவிட்டு வெறும் கண்ணாடியோடு ஓட்டுங்கள். சட்டத்தை விடுங்கள், பனியிலும் இருட்டிலும் மலைப்பாதையில் ஓட்டும் பெரியவருக்குக் கண்ணாடி தெளிவாக இருப்பதுதான் பாதுகாப்பு.

மலையடிவாரம்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். கதவுகள் முடிந்து, பின் கண்ணாடியும் முழுசாக வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஸ்டீமர் வாங்கினேன், அதில் பசை தங்கவே இல்லை என்று சொல்லலாம். கீழ் மூலையில் மட்டும் கொஞ்சம் இருந்தது, தைலம் அதையும் எடுத்துவிட்டது. அப்பா கண்ணாடி புதுசா போட்டியா என்று கேட்டார்.

ஒரு சந்தேகம். முதலில் டிஃபாகர் போட்டுப் பார்த்தபோதே கீழிருந்து மூன்றாவது கோடு தெளியவில்லை, போட்டோ இருக்கிறது. இப்போது பார்த்தால் அந்தக் கோட்டின் நடுவில் கடுகளவு இடைவெளி. பழைய ஓனர் ஏதோ சாமானை ஏற்றும்போது உரசியிருக்க வேண்டும். சரி செய்ய முடியுமா, கண்ணாடியையே மாற்ற வேண்டுமா?

ஜி.பி. ரோடு பழைய கை:

சந்தோஷம் தம்பி. கண்ணாடியை எல்லாம் மாற்றாதீர்கள். ஒரு கோடு அறுந்தால் மற்றவை வேலை செய்யும், அதனால் அவசரமும் இல்லை. டிஃபாகர் சரிசெய்ய மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பெயின்ட் சின்னக் குப்பியில் ஆன்லைனில் கிடைக்கும்.

அறுந்த இடம் அது ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். எஞ்சின் ஓடட்டும், டிஃபாகரைப் போடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பாடி இரும்பில் பிடித்து, சிவப்பு முனையைக் கோட்டின் மேல் மெல்ல நகர்த்துங்கள். நல்ல கோட்டில் வோல்ட் படிப்படியாக மாறும். அறுந்த கோட்டில் ஒரு பக்கம் முழு வோல்ட், அந்த இடம் தாண்டியதும் பூஜ்யம். முனையை அழுத்தித் தேய்க்காமல், அதில் கொஞ்சம் அலுமினிய ஃபாயில் சுற்றிக்கொண்டால் கோட்டில் கீறல் விழாது.

இடம் உறுதியானதும் டிஃபாகரை அணைத்துவிட்டு ஆல்கஹாலால் துடையுங்கள், தைலப் பிசுக்கு துளி இருந்தாலும் பெயின்ட் நிற்காது. கோட்டுக்கு மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கோட்டின் அகலம் மட்டும் தெரியும்படி விடுங்கள். இடைவெளியின் இரண்டு பக்கமும் நல்ல கோட்டின் மேல் கொஞ்சம் ஏறும்படி பூசுங்கள். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு டிஃபாகரைப் போடுங்கள்.

அப்பாவிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள். பின் கண்ணாடியின் உள்பக்கத்தை மைக்ரோஃபைபர் துணியால், இடமும் வலமுமாகத்தான் துடைக்க வேண்டும். பார்சல் ட்ரே மேல் குடையோ பெட்டியோ வைத்தால் வளைவில் சரிந்து கண்ணாடியில் உரசும், அங்கே எதையும் வைக்க வேண்டாம்.